வீட்டில் சுகர் பார்ப்பது எப்படி: கை கழுவுவதிலிருந்து நோட்டில் எழுதுவது வரை

போன வைகாசியில் ஒரு நாள் மாலை அம்மாவுக்குச் சுகர் பார்த்தேன். 312 காட்டியது. மதியம் வழக்கமான சாப்பாடுதான். காலையில் இன்சுலினும் போட்டாயிற்று. தம்பி பதறிப்போய், "இன்னும் நாலு யூனிட் ஏத்திப் போட்டுடலாமாண்ணே?" என்றான். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் அம்மாவின் கையைப் பார்த்தேன். பேரப்பிள்ளைகளுக்குப் பலாப்பழம் அறுத்துச் சுளை எடுத்துக் கொடுத்துவிட்டு, எண்ணெய் தொட்டுத் துடைத்த கையோடு வந்து உட்கார்ந்திருந்தார். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்த்தோம். 146.

அந்த 312-ஐ நம்பி ஊசி போட்டிருந்தால் அன்று ராத்திரி அம்மாவுக்குச் சுகர் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து 11 வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 20 வருடத்துக்கு மேல். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊரில் இப்போது பல வீடுகளில் சுகர் மெஷின் இருக்கிறது. ஆனால் முறையாகப் பார்க்கிறவர்கள் குறைவு. எண்ணைப் பார்த்துப் பயப்படுவார்கள், இல்லை சந்தோஷப்படுவார்கள், அதோடு மெஷினை மூடி வைத்துவிடுவார்கள். எப்போது பார்த்தது, எதைச் சாப்பிட்டபின் பார்த்தது, மாத்திரை போட்டிருந்ததா என்பதெல்லாம் கூட இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

வீட்டில் எதற்குப் பார்க்க வேண்டும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் ஹெச்பிஏ1சி பார்க்கிறோமே, அது போதாதா என்று கேட்பார்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரிக் கணக்கு. 7 சதவீதம் வந்தால், ஏறக்குறைய 154 மி.கி. சராசரி என்று பொருள். ஒருவருக்கு எந்நேரமும் 150-ஐ ஒட்டியே இருந்தாலும் 7 வரும். இன்னொருவருக்குப் பகலில் 260, நடுராத்திரியில் 55 என்று ஏறி இறங்கினாலும் 7 வரலாம். இரண்டாமவர் ஆபத்தில் இருக்கிறார், அது அந்தச் சீட்டில் தெரியாது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும்.

அந்தக் காலத்தில் சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலில் விட்டுச் சூடாக்கி நிறம் பார்ப்பார்கள். நீலமாகவே நின்றால் நல்லது, பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் மோசம். என் அப்பா அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதனால் 170-ல் இருப்பவருக்கும் நீலம், 50-க்கு இறங்கிப்போனவருக்கும் அதே நீலம். ஒரு சொட்டு ரத்தத்தில் ஐந்தே விநாடியில் எண் தெரிகிற வசதி அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது, சரியாகப் பயன்படுத்துவோம்.

மெஷின் வாங்கும்போது

மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரிப் (ரத்தச் சொட்டைத் தொட்டு மெஷினில் பார்க்கிற சின்னப் பட்டை) விலையைப் பாருங்கள். மெஷின் ஒருமுறைச் செலவு, ஸ்ட்ரிப் ஆயுசுக்கும் வாங்க வேண்டியது. அந்த ஸ்ட்ரிப் உங்கள் ஊர் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் கிடைப்பது திருத்துறைப்பூண்டியில் கிடைக்காமல் போகும். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் வேலை செய்யாது.

நம் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது மெஷின் வாங்கி வருவார்கள். அந்த நாடுகளில் அளவு முறை வேறு, மில்லிமோல் கணக்கு. நம் ஊரில் மில்லிகிராம் கணக்கு. மில்லிமோல் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் எண் வரும். 5.6 என்றால் ஏறக்குறைய 100. 14 என்றால் 252. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் "எனக்குப் பதினாலுதான் காட்டுது" என்று நிம்மதியாக இருந்தார். சுகர் 250-ல் நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு மெஷின் வீட்டில் இருந்தால், திரையில் எண்ணுக்குக் கீழே எந்த அளவு போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சில மெஷின்களில் ஒவ்வொரு ஸ்ட்ரிப் டப்பாவுக்கும் அதில் உள்ள குறியீட்டு எண்ணைப் போட வேண்டும். டப்பா மாறும்போது அதை மாற்றாவிட்டால் எண் தவறும். முடிந்தவரை குறியீட்டு எண் தேவைப்படாத மெஷினாக வாங்குங்கள், வயதானவர்களுக்கு அதுதான் தோது.

ஸ்ட்ரிப்பைக் காப்பாற்றுவது தனி வேலை

ஸ்ட்ரிப்பில் ஒரு என்சைம் பூசியிருக்கிறது. அது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகிற சின்ன மின்னோட்டத்தைத்தான் மெஷின் அளக்கிறது. வெயிலும் ஈரமும் அந்த என்சைமைக் கெடுத்துவிடும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. சித்திரையில் கத்திரி வெயில், ஐப்பசியில் மழை பிடித்தால் துணிகூடக் காயாத ஈரக்காற்று.

பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். அதற்காக ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் ஸ்ட்ரிப்பில் ஈரம் பூக்கும். ஃபிரிட்ஜின் தலைமேலும் வேண்டாம், அங்கே சூடு. அடுப்படி, ஜன்னலோரம், மோட்டார் பைக் பெட்டி எதுவும் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் அலமாரியின் கீழ்த்தட்டு நல்ல இடம். ஸ்ட்ரிப்பை அதன் சொந்த டப்பாவிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது, ஈரத்தை உறிஞ்சுகிற பொருள் அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றை எடுத்த உடனே மூடியை அழுத்தி மூடுங்கள். திறந்த தேதியை டப்பாமேல் எழுதி வையுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் என்பது டப்பாவிலேயே இருக்கும், சிலவற்றுக்கு 3 மாதம், சிலவற்றுக்கு 6 மாதம். கடையில் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை அவசரத்தில் வாங்கி வந்த டப்பா, வீட்டில் வந்து பார்த்தால் தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

விரலில் குத்துவது

இதைப் பொறுமையாகச் சொல்கிறேன், தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

முதலில் கை. சோப்புப் போட்டு, முடிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். வெதுவெதுப்பு ரத்தத்தை விரலுக்குக் கொண்டுவரும். சுத்தமான துணியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். தண்ணீர் ஒட்டியிருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறைவாகக் காட்டும். பழம், வெல்லம், சர்க்கரை எது ஒட்டியிருந்தாலும் எண் கூடும். வயலிலோ பயணத்திலோ கை கழுவ வழியில்லை என்றால், முதல் சொட்டைச் சுத்தமான பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டில் பாருங்கள். சானிடைசர் போட்டால் மட்டும் பழச்சாறு போய்விடாது.

அடுத்து ஸ்ட்ரிப்பை மெஷினில் செருகுங்கள். திரையில் சொட்டுப் படம் மின்னும்.

குத்துகிற பேனாவில் ஆழத்துக்கு எண் இருக்கும். முதலில் 2-ல் வைத்துப் பாருங்கள். ரத்தம் வரவில்லை என்றால் ஒன்று ஏற்றலாம். அம்மா மாதிரி ஆயுசு முழுக்க வயல் வேலை செய்து காய்ப்பு ஏறிய விரல்களுக்கு 4 கூடத் தேவைப்படும்.

விரல் நுனியின் நடுச் சதையில் குத்தாதீர்கள். நரம்பு நுனிகள் அங்கேதான் அதிகம், நாள் முழுக்க வலிக்கும். நகத்தை ஒட்டிய பக்கவாட்டில் குத்துங்கள், வலி பாதிகூட இருக்காது. மோதிர விரலும் நடு விரலும் வசதி. ஒரே விரலில் தினமும் குத்தாமல் மாற்றிக்கொண்டே போங்கள். நான் திங்கள், செவ்வாய் இடது கை, அடுத்த இரண்டு நாள் வலது கை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கையைத் தொங்கப்போட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிப் பக்கமாக மெதுவாக நீவிவிட்டால் சொட்டு திரளும். குத்திய இடத்தை மட்டும் பிடித்துப் பிதுக்கினால் ரத்தத்தோடு சதை நீரும் கலந்து வரும், எண் தவறும்.

சொட்டை ஸ்ட்ரிப்பின் மேல் வைக்காதீர்கள். ஸ்ட்ரிப்பின் நுனியைச் சொட்டின் ஓரத்தில் தொட்டாலே போதும், அதுவாக உறிஞ்சிக்கொள்ளும். ரத்தம் போதவில்லை என்று மெஷின் தப்புக் காட்டினால் புது ஸ்ட்ரிப் எடுங்கள். காசு போகிறதே என்று அதே ஸ்ட்ரிப்பில் மறுபடி தொடாதீர்கள்.

பேனாவில் போடுகிற ஊசி ஒருவருக்கு, ஒருமுறைதான். குத்துகிற பேனாவையும் இன்னொருவரோடு பகிரக் கூடாது. ஒரே வீட்டுக்காரர்கள்தானே என்று நினைப்பதில் பயனில்லை, மஞ்சள் காமாலை பி வைரஸ் இந்த வழியாகப் பரவியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே மெஷின்தான், அம்மாவுக்கு ஒரு பேனா, எனக்கு ஒரு பேனா.

எப்போது பார்ப்பது

"எனக்குத் தோணுறப்போ பார்ப்பேன்" என்றால் ஸ்ட்ரிப்தான் வீண். உங்கள் மருந்து என்னவோ அதைப் பொறுத்துத்தான் நேரமும்.

இன்சுலின் போடுகிறவர்கள் தினமும் பார்க்க வேண்டும். பலமுறை ஊசி போடுகிறவர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும், படுக்கப் போகும் முன்னும். கிளிமெபிரைடு, கிளைகிளாசைடு மாதிரி சுகரைத் தாழ இறக்கக்கூடிய மாத்திரை போடுகிறவர்கள் வாரத்தில் சில நாளாவது பார்க்க வேண்டும், உடம்பு ஒரு மாதிரி இருந்தால் உடனே பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் போட்டு, சுகர் நிலையாக இருப்பவர்கள் தினமும் விரலைக் குத்திக்கொள்ளத் தேவையில்லை. மருத்துவர் மாத்திரையை மாற்றும்போதும், சாப்பாட்டை மாற்றும்போதும் இரண்டு வாரம் நெருக்கிப் பார்த்தால் போதும்.

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் போகாத வயிறு. காபி குடித்துவிட்டு, "சர்க்கரை போடாத காபிதானே" என்றால் கணக்கில் வராது, பாலிலும் சர்க்கரை இருக்கிறது. ஐந்து மணிக்கு எழுந்து, கொல்லை, மாடு, வாசல் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குக் குத்துவதும் சரியில்லை. எழுந்ததும் பாருங்கள். சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்திலிருந்து கணக்கு, கை கழுவியதிலிருந்து இல்லை.

நான் சொல்வது ஜோடி முறை. ஒரு சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு முன் ஒருமுறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. திங்களன்று காலைப் பலகாரம், புதனன்று மதியச் சாப்பாடு, வெள்ளியன்று ராத்திரி. வாரத்துக்கு ஆறு ஸ்ட்ரிப்தான் செலவு. அந்தச் சாப்பாடு உங்கள் உடம்பில் என்ன செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

எனக்கு இது கண்ணைத் திறந்த விஷயம். மதியம் பொன்னி அரிசிச் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை போட்டுச் சாப்பிட்ட நாளில் 124-லிருந்து 231-க்குப் போனது. அடுத்த வாரம் அதே அரிசி. முதலில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுப் பொரியலும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, சோற்றைப் பாதியாக்கி, கூட இரண்டு முட்டை. முடித்ததும் வாய்க்கால் கரையில் கால் மணி நேரம் நடந்தேன். 121-லிருந்து 168. இட்லி ஆகாது, பழைய சோறு நல்லது, சிகப்பரிசி போட்டால் ஏறவே ஏறாது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டாலும் எனக்கு அளவு கூடினால் ஏறத்தான் செய்கிறது. உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்பதை ஜோடி முறையில் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

காலை எண் மட்டும் தொடர்ந்து கூடுதலாக இருந்தால், இரண்டு மூன்று நாள் ராத்திரி 3 மணிக்கு எழுந்து பாருங்கள். விடியற்காலையில் உடம்பில் சுரக்கிற ஹார்மோன்கள் சுகரை ஏற்றுவது பலருக்கும் உண்டு. ஆனால் 3 மணிக்குப் பார்க்கும்போது சுகர் குறைவாக இருந்தால் அது வேறு விஷயம், மருந்து அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த எண் நல்ல எண்

கர்ப்பமாக இல்லாத பெரியவர்கள் பலருக்கும் மருத்துவர்கள் வைக்கிற இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180-க்குள். அம்மா மாதிரி வயதானவர்களுக்கு, அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கு (சுகர் 70-க்குக் கீழே இறங்குகிறவர்களுக்கு), இதய நோய் உள்ளவர்களுக்கு மருத்துவரே தளர்த்தி வைப்பார். கர்ப்பிணிகளுக்குக் கணக்கு கடுமையானது. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். உங்களுக்கு எந்த இலக்கு என்று மருத்துவரிடம் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். வீட்டு மெஷின்களுக்கான சர்வதேசத் தரம் என்ன சொல்கிறது என்றால், 100-க்கு மேல் உள்ள எண்கள் லேப் எண்ணிலிருந்து 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். உண்மையில் 180 என்றால் மெஷின் 153-ம் காட்டலாம், 207-ம் காட்டலாம். அடுத்தடுத்துக் குத்தி 168, 181 என்று வந்தால் மெஷின் கெட்டுப்போகவில்லை, இரண்டும் ஒரே எண்தான். லேபோடு ஒப்பிட வேண்டுமானால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிற அதே நேரத்தில் மெஷினிலும் பாருங்கள். சாப்பிட்டபின் ஒப்பிடாதீர்கள், அப்போது விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை கை நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மெஷின் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், எண், என்ன சாப்பிட்டது, மருந்து, வேறு ஏதாவது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். "காய்ச்சல்", "நடவு, மதியம் லேட்", "கல்யாண வீடு, திருவையாறு அசோகா அல்வா", "ராத்திரி தூக்கமில்லை". மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள், அது சுகரை நன்றாக ஏற்றும். மெஷினிலேயே எண்கள் பதிவாகின்றன என்பது உண்மைதான், ஆனால் அதில் அசோகா சாப்பிட்டது பதிவாகாது.

எண் கூடியதை மறைக்காதீர்கள். மருத்துவர் திட்டுவார் என்று குறைத்து எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பொய் எண்ணை நம்பி மருந்து குறையும், பாதிப்பு கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும்தான்.

70-க்குக் கீழே போனால்

போன குறுவை நடவின்போது, ஆள் வந்துவிட்டார்கள் என்ற அவசரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வயலுக்குப் போய்விட்டேன். பதினொரு மணிக்கு வரப்பில் நிற்கும்போது சட்டை முழுக்க வேர்வை. வெயில் வேர்வை என்று நினைத்தேன். அப்புறம் கை நடுங்கியது, நாற்றுக்கட்டை எண்ண முடியவில்லை, எண்ணியதையே மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து பார்த்தால் 58.

படபடப்பு, வேர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் பாருங்கள். பார்க்க வசதியில்லை என்றால் லோ என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் செய்யுங்கள். 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழ் என்றால் மறுபடி 15 கிராம். ஏறியபின் சாப்பாடு நேரமாக இருந்தால் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பிஸ்கட்டாவது. மைசூர்பாகு, சாக்லேட் மாதிரி நெய், கொழுப்பு சேர்ந்தவை மெதுவாகத்தான் ஏற்றும், இந்த நேரத்துக்கு உதவாது.

வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்துகின்றன. அவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், கூட்டு மாத்திரைகளிலும் இருக்கும்.

மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். 54-க்குக் கீழ் ஒருமுறை போனாலும், வாரத்தில் இரண்டு முறை 70-க்குக் கீழ் போனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரொம்ப ஏறினால்

ஒரே ஒரு 260-க்குப் பயப்பட வேண்டாம். கையைக் கழுவி மறுபடி பாருங்கள், என்ன சாப்பிட்டோம் என்று யோசியுங்கள். 300-க்கு மேல் இரண்டு முறை தொடர்ந்து வந்தாலோ, வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குதல், தூக்கக் கலக்கம் சேர்ந்தாலோ, மெஷின் எண்ணே காட்டாமல் 'ஹை' என்று காட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது, நோய்க்கிருமித் தொற்றே சுகரை ஏற்றும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். டைப் 1 (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ளவர்கள் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேர்கிற அமிலம்) பார்க்கும் ஸ்ட்ரிப்பையும் வீட்டில் வைத்திருக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுகிறவர்களுக்கு, சுகர் பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் கூடுவது உண்டு. வாந்தி எடுக்கிற நாளில் அந்த மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் போடலாமா என்று போன் போட்டாவது கேளுங்கள்.

கையில் ஒட்டுகிற சென்சாரைப் பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு வாரம் வரை ஒட்டியிருந்து, தோலுக்கடியிலுள்ள நீரில் சர்க்கரையை அளக்கும். ரத்தத்தில் நடப்பது அதில் தெரிய 5 முதல் 15 நிமிடம் தாமதமாகும், அதனால் லோ மாதிரி இருந்தால் விரலில் குத்தியே பாருங்கள். விலை அதிகம். இன்சுலின் போட்டு அடிக்கடி லோ ஆகிறவர்கள் ஒருமுறையாவது போட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

மெஷின் வாங்க வசதி இல்லாதவர்கள் விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் உங்கள் தெருவுக்கு யார் வருகிறார் என்று சொல்வார்கள். அவர் பார்த்துச் சொல்கிற எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக, குத்திய ஊசி. குப்பையிலோ கொல்லையிலோ எறியாதீர்கள். எங்கள் ஊரில் குப்பைமேடு வாய்க்காலை ஒட்டித்தான் இருக்கிறது. மழையில் அடித்துக்கொண்டு வயலுக்குத்தான் வந்து சேரும். அங்கே வெறுங்காலோடு நடவு நடுகிறவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் எத்தனையோ பேர், காலில் குத்தினால் அவர்களுக்கு உறைக்காது, புண்ணும் ஆறாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், எங்கள் வீட்டில் பழைய துணிசோப்பு நீர் டப்பா, போட்டு மூடியைத் திருகி வையுங்கள். நிரம்பியதும் டேப் ஒட்டி, அடுத்தமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது கையோடு எடுத்துப்போய், ஊசிக் கழிவுகளோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.